கிண்டியில் ஒரு கெமிக்கல் படிப்பு

நான் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்த கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி (ஏ.சி. டெக்), 1944-இல் உலகப் போர் ஓயாத நேரத்தில் பிறந்தது. அழகப்பச் செட்டியார் 5 லட்ச ரூபாய் கொடுத்தார். லட்சுமணசுவாமி முதலியார் துணைவேந்தராக இருந்த சென்னைப் பல்கலைக்கழகம் கல்லூரியைத் தொடங்கியது. ஆலைகளுக்கு ஆள் தயாரிக்க ஒரு தனிமனிதர் அள்ளிக் கொடுத்ததை இன்றும் வியக்கிறேன். 1978-இல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

அங்கே நாங்கள் படித்த மெக்கேப்-தீலே முறை 1925-ஐச் சேர்ந்தது. திரவக் கலவையைக் காய்ச்சிப் பிரிக்கும் வடிகோபுரத்துக்கு எத்தனை தட்டு வேண்டும் என்று கிராஃப் தாளில் படிப்படியாக வரைந்து எண்ணுவோம். தூய்மை கூடக் கூட மேல் மூலையில் படிகள் நெருங்கும். பென்சில் மழுங்கியிருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ரிஃப்ளக்ஸை, அதாவது கோபுரத்துக்குத் திருப்பி அனுப்பும் திரவத்தைக் கூட்டினால் தட்டு குறையும், ஆனால் நீராவிச் செலவு ஏறும் என்பது கிராஃபில் வரையும் இயக்கக் கோட்டின் சாய்விலேயே தெரியும். கணினி நொடியில் விடை சொல்லும் இந்த நாளிலும், என் மாணவர்களுக்கு முதலில் கிராஃப் தாளைத்தான் கொடுக்கிறேன்.