கமெரன் அம்மையாரின் இரு வில்லைகள்

1833ஆம் ஆண்டின் கோல்புறூக்–கமெரன் சீர்திருத்தங்களை இலங்கைச் சரித்திரம் பயின்றோர் அறிவர். அக்கமெரனின் மனைவியார் ஜூலியா மார்கரட், 1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் அளித்த படக்கருவி ஒன்றைப் பெற்றார்.

அதன் வில்லை, வியன்னாப் பேராசிரியர் பெற்சுவால் 1840இல் கணித்தமைத்த வகையினது. ஒளியை மிகுதியாக உட்கொள்ளும். ஆனால் முகத்தை நெருங்கிப் படம்பிடித்தால் கண் தெளியுமிடத்துக் காது மங்கிவிடும். அம்மையார் இதனைக் குறையாகக் கொண்டாரல்லர். தமக்கு அழகு தோன்றிய நிலையிலேயே வில்லையை நிறுத்தினார். கருவியைக் கையாளத் தெரியாதவர் என இலண்டன் விமரிசகர் எள்ளினர்.

1866இல் அவர் டல்மேயர் செய்த, 30 அங்குலக் குவியத் தூரமுள்ள வில்லையைத் தேர்ந்தார். ஏளனத்துக்கு அஞ்சி மாறினார் என்பது பொருந்தாது. தலையை ஏறக்குறைய உண்மையளவிலேயே பெரிய தகட்டிற் பதிப்பதே அவர் விருப்பம். நீண்ட குவியத் தூரமாதலின், தள்ளி நின்றே அது கைகூடிற்று. மூக்குப் பெருத்துத் தோன்றவில்லை. ஆயினும் புதிய வில்லைக்கு ஒளி போதாது. அமர்ந்தோர் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும், எவரால் இயலும்? 1867இல் வானியலறிஞர் ஹேர்ஷலின் முதுமுகம் அவ்வாறு பதிவாயிற்று. மங்கல் அதிலும் உண்டு.

1875இல் தம்பதியர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். 1877இல் களுத்துறையில் ஓவியர் மரியான் நோத்தைப் படம்பிடித்த அம்மையார், 1879 சனவரியில் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கமானார்.