ஆட்டிசம் என்ற சொல்லும் சித்தூர்ச் சீமையும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டார்கள் என்றதும், இந்த ஆள் வழக்கம்போல வடார்க்காட்டுக் கல்வெட்டு ஏதாவது எழுதுவார் என்று அன்பர்கள் நினைத்திருக்கலாம். இந்த முறை பொருள் வேறு. நம் சங்கக் குடும்பங்களிலேயே ரெண்டு மூணு வீட்டில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மகன் வயிற்றுப் பேரனும் ஒருவன். இந்தப் பெற்றோர் பயிற்சி மையங்களுக்கு அலைகிற அலைச்சலுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு ஒன்று உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லப் புகுந்தேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஆட்டோஸ்' என்றால் கிரேக்கத்தில் 'தான்'. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் புளூலர், பெரியவர்களுக்கு வரும் மனச்சிதைவு நோய் பற்றி 1911-ல் வெளியிட்ட நூலில் இதிலிருந்து பிறந்த 'ஆட்டிசம்' என்ற சொல்லைக் கையாண்டார். குழந்தைகளுக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை. அதே 1911-ல்தான் நம் சித்தூர் மாவட்டமும் பிறந்தது. அதுவரை வடார்க்காடு மாவட்டத்துக்கே தலைநகராக இருந்தது சித்தூர். பிறகு அந்த இடம் வேலூருக்குப் போயிற்று. இது தற்செயல்தான். ஆனாலும் இந்தப் பிரிவினை பின்னால் நம் கதைக்குள் வரும்.

தமிழில் மதியிறுக்கம், மன இறுக்கம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு ரெண்டும் ஒப்பவில்லை. பிள்ளையின் மதி ஒன்றும் இறுகிப் போய்விடவில்லை. அது வேறு வழியாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

இத்தகைய பிள்ளைகளை ரஷ்யப் பெண் மருத்துவர் குருன்யா சுகரேவா 1925-லேயே விவரித்து எழுதிவிட்டார். உலகம் அவரை மறந்தது. பெயர் பெற்றவர் அமெரிக்காவில் இருந்த லியோ கானர். 1943-ல் வந்த அவர் கட்டுரையில் பதினொரு பிள்ளைகள். எட்டு ஆண், மூன்று பெண். முதல் பிள்ளை மிசிசிப்பி மாநிலத்து ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்ளெட். மூன்று வயதில் அவனை விடுதியில் விடச் சொல்லி, விட்டார்கள். அப்புறம் பெற்றோருக்கு மனசு கேட்கவில்லை, வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார்கள். வக்கீலான தகப்பனார், பிள்ளையின் ஒவ்வொரு பழக்கத்தையும் முப்பத்துமூன்று பக்கக் கடிதமாகக் கானருக்கு எழுதினார். கானரின் புகழ்பெற்ற கட்டுரைக்கு அடிப்படைகளில் ஒன்று அந்தக் கடிதம்.

எங்கள் கடையில் சிட்டா எழுதாமல் பேரேடு கிடையாது. ஒரு நாளும் விடாமல் பார்த்தவன் எழுதிய சிட்டாவிலிருந்துதான் பெரிய கணக்கு வரும். ஆட்டிசத்தின் முதல் சிட்டாவை எழுதியவர் ஒரு தகப்பன் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். டொனால்ட் பின்னால் பட்டம் வாங்கினார், சொந்த ஊர் வங்கியிலே வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தேசம் தேசமாகச் சுற்றினார். 2023-ல் தம் 89-ஆம் வயதில் காலமானார்.

இதற்கு நேர்மாறான ஒரு கொடுமையும் நடந்தது. தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று ஒரு கொள்கை கிளம்பியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் புத்தகமே போட்டார். அதற்கு முன்பே, 1964-ல், பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர் இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று வாதாடி நூல் எழுதியிருந்தார். அவரும் ஆட்டிசப் பிள்ளையின் தகப்பன். லண்டனில் 1962-ல் பெற்றோர் கூடிச் சங்கம் அமைத்தபோது அதில் முன்னின்ற லோர்னா விங் ஒரு மருத்துவர், ஒரு தாயும்கூட. தாயைக் குறை சொல்லும் கொள்கை ஆராய்ச்சி உலகில் செத்து வெகுகாலம் ஆயிற்று. நம்ம ஊர்க் கல்யாண வீடுகளில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. "டிவி முன்னால உக்கார வச்சுட்டா" என்று மருமகளைச் சொல்லாத பந்தி உண்டா?

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் இன்று வித்யாசாகர் எனப்படும் நிறுவனத்தை 1985-ல் தொடங்கிய பூனம் நடராஜன், டில்லியில் 1991-ல் ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கிய மேரி பரூவா ஆகிய இருவருமே மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள். அரசாங்கம் 1984-ல் செகந்திராபாத்தில் ஒரு தேசிய நிறுவனம் அமைத்தது. சித்தூர்க்காரருக்கு அது ஒரு ராத்திரி ரயில் பயணம். பக்கத்தில் இருந்தது வேலூர்தான். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். அங்கே சி.எம்.சி. மருத்துவமனை பாகாயத்தில் 1957 முதல் மனநல மையம் நடத்துகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்பது அங்கே தொடக்க கால முறை. அதன் குழந்தைகள் பிரிவுக்கு நம்பிக்கை நிலையம் என்று பெயர். பிள்ளையைப் பழக்குவதோடு, பெற்றோரையும் பழக்கி அனுப்புகிறார்கள். வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் பயிற்சியாளர் கையில், மீதி நேரமெல்லாம் வீட்டார் கையில் என்கிற கணக்கைப் பார்த்தால் இதுதான் சரியான வழி.

ஆனால் 1911-ல் போட்ட கோடு 1953-க்குப் பிறகு மாநில எல்லையே ஆகிவிட்டது. 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போனது, சித்தூரும் திருப்பதியும் இந்தப் பக்கம் நின்றன. பலனாக, பயிற்சி தமிழ்நாட்டில், சான்றிதழும் உதவித்தொகையும் ஆந்திராவில் என்று நம்மவர்கள் ரெட்டைக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

மொழிச் சிக்கலும் இங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ். பேரனுக்குப் பேச்சுப் பயிற்சி தந்த ஓரிடத்தில், "தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழி போதும்" என்று சொன்னார்கள். என் மருமகள் கேட்கவில்லை. "தமிழ்ல பேசாட்டி நான் அவன்கிட்ட எப்படி மாமா கொஞ்சறது?" என்றாள். 2012-ல் கனடாவின் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் ஆட்டிசப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், இரு மொழி கேட்டு வளர்வதால் கூடுதல் பின்னடைவு எதுவும் காணவில்லை. பிற ஆய்வுகளும் ஏறக்குறைய அப்படியே சொல்கின்றன. இன்று பையன் தண்ணீர் கேட்பது தமிழில், ஆட்டோக்காரரிடம் தெலுங்கில். படம் காட்டிக் கேட்கும் அட்டைகளில் எங்கள் வீட்டில் ரெண்டு மொழியும் எழுதியிருக்கிறது.

திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்ட குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணகட்டாவின் கூட்டமும், தலையில் திடீரென்று கொட்டும் தண்ணீரும், சவரக் கத்தியின் உரசலும் இப்பிள்ளைகளில் பலருக்குத் தாங்கமுடியாத வாதை. அது அடம் இல்லை, புலன் கூர்மை. பயிற்சியாளரிடம் சொன்னால், ஈரத்துணி, சீப்பு, மழிக்கும் மிஷின் சத்தம் என்று ஒவ்வொன்றாக வீட்டிலேயே பழக்க வழி சொல்லுவார்.

சட்டம் வந்தது மெதுவாக. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் முதல்முறையாகப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-ன் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இவற்றுள் நம்மவர்கள் அதிகம் கவனிக்காதது 1999-ன் சட்டம். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு வேண்டும் என்கிறது அது. கலெக்டர் நிலை அதிகாரி, பதிவு பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இருப்பார்கள். நாம் போன பிறகு யார் என்ற கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கும் கதவு இது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டதால், அங்குள்ளவர்கள் பழைய நினைப்பில் சித்தூருக்கு வர வேண்டாம். மனுவைத் திருப்பதி கலெக்டர் அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.