கண்காட்சியில் ஜெயித்த லொறிகள் வீதியில் ஏன் தோற்றன?

1964ஆம் ஆண்டு நியூயோர்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஃபோர்ட் நிறுவனம் ஒரு லொறியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் "பிக் ரெட்". சுமார் 4 மீற்றர் உயரம். பின்னால் இரண்டு ட்ரெய்லர்களைக் கோர்த்தால் மொத்த நீளம் ஏறத்தாழ 29 மீற்றர். உள்ளே 600 குதிரைவலு கொண்ட வாயு டர்பைன் எஞ்சின். சாரதியின் அறைக்குள்ளேயே குளிர்சாதனப் பெட்டி, சமைக்க அவன், கழிவறை, துணைச் சாரதி பார்க்கத் தொலைக்காட்சி எல்லாம் இருந்தன.

பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பத்து இருபது வருடத்தில் எல்லா லொறியும் இப்படித்தான் ஓடும் என்று நம்பினார்கள். ஆனால் அந்த லொறி ஒருநாளும் விற்பனைக்கு வரவேயில்லை.

ஏன்? இந்தக் கேள்வியை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வரலாறு என்றால் வென்றவற்றின் பட்டியல் மட்டுமல்ல. தோற்றவற்றிலும் படிக்க நிறைய இருக்கிறது.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். டர்பைன் என்பது ஜெட் விமானத்தின் தத்துவம். காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, எரிபொருளோடு எரித்து, அந்தச் சூடான வாயுவால் சக்கரத்தைச் சுழற்றுவது. எடை குறைவு, அதிர்வு குறைவு, வலு அதிகம். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் பறக்கும் விமானத்துக்கு அது பொருத்தம். லொறியின் வாழ்க்கை அப்படியா? சந்தியில் நிற்கும், நெரிசலில் ஊரும், ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் அடக்கிப் பிடிக்க வேண்டும். டர்பைன் சும்மா நிற்கும்போதும் எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும். அக்சிலேற்றரை மிதித்தால் உடனே வேகம் எடுக்காது. இறக்கத்தில் கியரைப் போட்டு எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோமே, அதுவும் சாதாரண டர்பைனில் சரிவராது. அந்த வெப்பத்தைத் தாங்க விலையுயர்ந்த உலோகக் கலவைகள் வேண்டும். நடுவழியில் பழுதானால் பக்கத்துக் கராஜில் திருத்தவும் முடியாது.

அடுத்தது சட்டம். பிக் ரெட் சரக்கோடு சுமார் 77 தொன் எடைக்குத் திட்டமிடப்பட்டது. ஆனால் அமெரிக்காவின் பெருந்தெருக்களுக்கு 1956இல் விதிக்கப்பட்ட எல்லை ஏறத்தாழ 33 தொன் மட்டுமே. ஒரு லொறி ஓடுவதற்காகச் சட்டத்தையும் மாற்றி, பாலங்களையும் பலப்படுத்த வேண்டும் என்ற நிலை.

அதே கண்காட்சியில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் "பைசன்" என்ற லொறியைக் காட்டியது. 1000 குதிரைவலு. வழமையான கதவு கிடையாது, கண்ணாடிக்கூடு முழுவதும் முன்பக்கமாகத் திறக்கும். அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் செவ்ரோலே பிரிவு "டர்போ டைட்டன் 3" என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதில் ஸ்டியரிங் சக்கரமே இல்லை! அதற்குப் பதிலாக இரண்டு சிறிய வட்டங்களைத் திருப்ப வேண்டும். பல வருடம் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை, ஆபத்தான அந்த ஒரு நொடியில் எதைத் தேடும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஜெனரல் மோட்டர்ஸுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1940இல் ஊர் ஊராகக் கண்காட்சி நடத்த "ஃபியூச்சர்லைனர்" என்ற 12 பெரிய வாகனங்களைச் செய்தது. சாரதியை உயரத்தில், நடுவில், கண்ணாடிக் குமிழுக்குள் உட்கார வைத்தார்கள். பார்க்க இளவரசன் மாதிரி. வெயில் ஏறியதும் உள்ளே இருப்பவர் அவிந்து போனார். கடைசியில் 1953இல் அந்தக் கண்ணாடிக் குமிழை எடுத்துவிட்டு, கூரை போட்டு, குளிரூட்டியும் பொருத்தினார்கள்.

1983இல் ஜேர்மனியின் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் ஸ்டைன்வின்டர் என்பவர் "சூப்பர்கார்கோ" என்ற லொறியைக் காட்டினார். அவருடைய யோசனையில் நியாயம் இருந்தது. வாகனத்தின் மொத்த நீளத்துக்குச் சட்டம் எல்லை போடுகிறது. சாரதியின் அறை எடுக்கும் இடம் சரக்குக்கு நட்டம். அப்படியானால் அந்த அறையைச் சரக்குக்கு அடியிலேயே வைத்துவிட்டால்? சுமார் 1.2 மீற்றர் உயரத்தில், படுத்த மாதிரி ஒரு லொறி. சரக்குக்கு முழு நீளமும் கிடைத்தது. ஆனால் சாரதிக்கு முன்னால் போகும் வாகனத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. தலைக்கு மேலே பல தொன் சுமை. ஏற்கெனவே பாவனையில் இருந்த ட்ரெய்லர்களை அதில் பொருத்தவும் முடியாது. அதுவும் கண்காட்சியோடு நின்றுபோனது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள்.

1956 ஏப்ரல் 26. அமெரிக்க லொறி முதலாளி மால்கம் மெக்லீன், "ஐடியல் எக்ஸ்" என்ற பழைய எண்ணெய்க் கப்பலில் 58 அலுமினியப் பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பினார். பெட்டியில் அழகு இல்லை. டர்பைன் இல்லை. சரக்கை இறக்கி ஏற்றி மாளாமல், பெட்டியோடு லொறியிலிருந்து கப்பலுக்கு மாற்றினால் என்ன என்ற யோசனை மட்டும்தான். ஒரு தொன்னை ஏற்ற 5 டொலருக்கு மேல் போன செலவு, 16 சதம் அளவுக்கு இறங்கியது. இன்று கொழும்புத் துறைமுகத்தில் மலைபோல அடுக்கியிருக்கும் கொள்கலன்கள் அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகள்தான்.

வித்தியாசம் எங்கே? மெக்லீன் லொறி ஓட்டிப் பிழைத்தவர். துறைமுகத்தில் காத்துக் கிடப்பதன் நட்டம் அவருக்குத் தெரியும். மற்றவர்கள் பார்க்க வருபவருக்காகச் செய்தார்கள், இவர் வேலை செய்பவருக்காகச் செய்தார்.

அதற்காக அந்த லொறிகளை நாம் ஏளனம் செய்யக்கூடாது. தூரப்பயண லொறிகளில் இன்று படுக்கையும் குளிர்சாதனப் பெட்டியும் இருக்கின்றன. லொறிக்குப் பொருந்தாத டர்பைன், டீசல் எஞ்சினின் பக்கத்தில் சின்ன "டர்போ"வாக உட்கார்ந்து உழைக்கிறது. கனவு முழுசாக வீணாகவில்லை. பிழைக்கக்கூடிய துண்டு மட்டும் பிழைத்தது.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. நம் பாடசாலைகளிலும் புத்தாக்கக் கண்காட்சிகள் நடக்கின்றன. மின்விளக்கு மினுங்கும் மாதிரிக்கு முன்னால் கூட்டம் கூடும். மூலையில் ஒரு பிள்ளை, உம்மா தண்ணீர் அள்ளும் கஷ்டத்தைக் குறைக்க ஏதோ கம்பியும் கயிறுமாகச் செய்து வைத்திருக்கும். ஆசிரியர்களும் பெற்றோரும் இரண்டு பிள்ளைகளிடமும் நான்கு கேள்விகள் கேட்போம். இதைப் பாவிக்கப் போவது யார்? பழுதானால் யார் திருத்துவார்? எவ்வளவு செலவாகும்? இப்போது இருக்கும் வீதியில், இருக்கும் வசதியில் இது ஓடுமா?

600 குதிரைவலு லொறியைச் செய்த பெரிய பொறியியலாளர்களுக்கே இந்தக் கேள்விகள் தேவைப்பட்டன. நம் பிள்ளைகள் பத்து வயதிலேயே அவற்றைக் கேட்கப் பழகட்டும்.