குவாரிஸ்மீயின் வஸிய்யத் கணக்குகள்

'அல்ஜிப்ரா' என்று மேலைநாட்டார் வழங்கும் பெயர் ஓர் அரபு நூலின் தலைப்பிலிருந்து கிடைத்தது என்பதைப் பலரும் அறிவர். அந்நூலின் பிற்பாதி எதைப் பற்றியது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

அப்பாஸியக் கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ, ஜப்ரு, முகாபலா என்னும் இருவகைக் கணக்கு முறைகளைச் சுருக்கி ஒரு நூல் செய்தார். வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு வேண்டிய கணக்கைத் தருவதே தம் நோக்கம் என முன்னுரையில் கூறுகிறார். வாரிசுரிமை அவ்வரிசையில் தலைப்பில் நிற்பது தற்செயலன்று. நூலின் ஏறக்குறையப் பாதி 'கிதாபுல் வஸாயா' என்னும் பகுதிதான்.

நூலில் இன்றைய குறியீடுகள் எவையும் இல்லை, யாவும் சொற்களே. தெரியாத தொகையை அவர் 'ஷைஉ' என்கிறார். 'ஏதோ ஒன்று' என்பது அதன் பொருள். கழிக்கப்பட்டு நிற்கும் பகுதியை இருபுறமும் சேர்த்து நிறைவு செய்வது ஜப்ரு. இருபுறமும் உள்ள ஓரினத் தொகைகளை நேர்நிறுத்தி நீக்குவது முகாபலா. இவ்விரண்டையும் ஒரு மாணவன் ஒரே நாளில் கற்றுக்கொள்வான். வழக்கின் வாசகத்தைச் சமன்பாடாக எழுதுவதுதான் கடினம். அவர் கணக்குகளுள் ஒன்றைக் காண்போம்.

மரண நோயில் கிடக்கும் ஒருவர் ஒரு பெண்ணை மணந்து 100 திர்ஹம் மஹர் கொடுக்கிறார். அவருக்கு வேறு சொத்தில்லை. அவளையொத்த பெண்களுக்குரிய மஹர் 10 திர்ஹமே. பின்னர் அவள், தன் சொத்தில் மூன்றிலொரு பங்கை வஸிய்யத் செய்துவிட்டு, கணவருக்கு முன்பே இறக்கிறாள். அதன்பின் கணவரும் இறக்கிறார். யாருக்கு எவ்வளவு?

பத்துத் திர்ஹம் அவளுடைய உரிமை, அதில் வினாவில்லை. எஞ்சிய 90 மரண நோயில் கொடுக்கப்பட்ட கொடையாதலின், அது வஸிய்யத்தின் வரம்புக்கு உட்பட்டது. அதில் செல்லுபடியாகும் பகுதியை 'ஷைஉ' என்க. கணவர் பக்கம் நிற்பது 90 குறைய ஒரு ஷைஉ. அவள் சொத்து 10உம் ஒரு ஷைஉவும். அதில் மூன்றிலொரு பங்கு அவள் வஸிய்யத்துக்குப் போக, நிற்பது 6⅔உம் ⅔ ஷைஉவும். பிள்ளையில்லாத மனைவியின் சொத்தில் கணவருக்குப் பாதி என்பது குர்ஆனின் விதி (4:12). ஆகவே 3⅓உம் ⅓ ஷைஉவும் கணவரிடம் திரும்புகின்றன. முன்னதையும் இதையும் கூட்டினால் அவருடைய வாரிசுகளிடம் இருப்பது 93⅓ குறைய ⅔ ஷைஉ.

இத்தொகை எதற்குச் சமம்? கணக்கின் வாசகத்தில் விடையில்லை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வகுத்துரைத்த எல்லையில்தான் அது உள்ளது. வஸிய்யத் மூன்றிலொன்றைத் தாண்டலாகாது; அதாவது வாரிசுகளுக்குக் கிடைப்பது வஸிய்யத்தைப் போல் இருமடங்காக இருக்கவேண்டும். எனவே அத்தொகை 2 ஷைஉவுக்குச் சமம். ஜப்ரு செய்தால் 93⅓ என்பது 2⅔ ஷைஉ; ஆக ஒரு ஷைஉ 35.

சரிபார்ப்போம். அவளுடையது 45, அதில் வஸிய்யத் 15, கணவருக்கு 15, அவளுடைய பிற வாரிசுகளுக்கு 15. கணவரின் வாரிசுகளுக்கு 55உம் 15உம் சேர்ந்து 70. அது 35இன் இருமடங்கு.

ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஹிஜ்ரி 743ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியைக் கொண்டு, அரபு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் 1831இல் லண்டனில் பதிப்பித்தவர் ஃபிரீட்ரிக் ரோசன். அவருக்கு நாம் நன்றிக்கடன் பட்டுள்ளோம். ஆயினும் மரண நோய்த் திருமணக் கணக்குகளுக்கு வந்ததும் அவர் ஒரு குற்றம் சாட்டினார்: சமன்பாடுகள் சரியாகத் தீர்க்கப்பட்டுள்ளன, ஆனால் கணக்கைச் சமன்பாடாக்கும்போது, கூறப்படாதவற்றை ஆசிரியர் தம் விருப்பப்படி புகுத்திவிட்டார், சட்டத்துக்கு ஒத்துவரும்படி விடையை வலிந்து பெற்றார் என்பது அதன் சாரம். மேலே கண்ட 'இருமடங்கு' போன்றவற்றையே அவர் மனத்தில் கொண்டிருக்க வேண்டும்.

இது நியாயமன்று. 'ஒரு ரூபாய்க்கு எத்தனை அணா' என்பதைச் சொல்லாமலே நம் பழைய கணக்கு வாத்தியார்கள் வினாக் கொடுத்தார்கள். மாணவன் 16 என்று எழுதினால் அது அவன் புகுத்தியதாகுமா? காழியின் முன் நிற்கும் வழக்கில் பாதி என்பதும் மூன்றிலொன்று என்பதும் எல்லாரும் அறிந்த அளவைகளே. ரோசனுக்கு அரபு மொழி வந்தது, ஃபராயிள் வரவில்லை. யூத அறிஞர் சாலமன் காண்ட்ஸ் 1938இல் இக்கணக்குகளை இஸ்லாமியச் சட்டத்தோடு வைத்து ஆராய்ந்து, குவாரிஸ்மீயின் மீதிருந்த பழியைத் துடைத்தார். நம்மவர் செய்திருக்க வேண்டிய பணி அது.

ஐரோப்பியர் இப்பகுதியை அவ்வளவு காலம் அறியாதிருந்ததற்குக் காரணமுண்டு. 1145இல் செகோவியாவில் செஸ்டர் ராபர்ட்டும், அந்நூற்றாண்டிலேயே கிரெமோனா ஜெரார்டும் இந்நூலை லத்தீனில் பெயர்த்தனர். 'ஷைஉ' அங்கே 'ரெஸ்' ஆயிற்று. இத்தாலியில் 'கோஸா' ஆயிற்று. வஸிய்யத் பகுதியை மட்டும் இருவருமே பெயர்க்கவில்லை. அவர்களுடைய வாசகர்களுக்கு வேறு சட்டம், அவர்களைக் குறைசொல்வதற்கில்லை.