பச்சை மண்ணும் தாடை எலும்பும்

விருத்தாசலத்துல எங்க பெரியப்பா பீங்கான் பொம்மை செய்யறவர். முப்பது வருஷமா புகையிலை. சில வருஷத்துக்கு முன்னாடி கீழ்த்தாடையில புற்றுநோய். தாடையில ஒரு பக்கத்தை எடுத்துட்டு, கால் எலும்பை அங்கே வைக்கணும்னு டாக்டர் சொன்னதும் வீடே அரண்டு போச்சு. "வாய்க்காக காலை நொண்டியாக்கணுமா?"ன்னு பெரியம்மா அழுதாங்க. அப்போ தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

கதை நம்ம நாட்டுலயும் இருக்குங்க. ஆங்கிலேயர் படையில மாட்டுவண்டி ஓட்டின காவாஸ்ஜி, திப்பு சுல்தான்கிட்ட சிக்கி மூக்கறுபட்டவர். புனே பக்கத்துல செங்கல் செய்யும் சாதிக்காரர் ஒருத்தர், நெற்றித்தோலை மடக்கி அவருக்கு மூக்கு செஞ்சார். 1794-ல் லண்டன் பத்திரிகையில இது வந்தது. சூட்சுமம் ஒண்ணுதான்: புருவ நடுவுல தோலை முழுசா அறுக்கலை. அது வழியா ரத்தம் ஓடி மூக்கு பிழைச்சது.

எலும்புக்கும் அதே விதி. ரத்த ஓட்டம் இல்லாத வெறும் எலும்பு சின்ன இடைவெளிக்குத் தாங்கும். கதிர்வீச்சு பட்ட இடத்துல பெரும்பாலும் தோத்துடும். ஆனா காலைத் தாடையோட மடக்கி வைக்க முடியுமா? அதனால எலும்பை அதன் ரத்தக்குழாயோட எடுத்து, மைக்ராஸ்கோப் வழியா பார்த்து, கழுத்து ரத்தக்குழாயோட தைக்கிறாங்க. மெல்போர்ன் டாக்டர் இயன் டெய்லர் 1975-ல் பிபுலாவை (கெண்டைக்கால் வெளிப்பக்க ஒல்லி எலும்பு) இப்படி எடுத்து அடிபட்ட காலுக்கு வச்சதை எழுதினார். 1979-ல் இடுப்பெலும்பு பற்றி எழுதினார். நியூயார்க்ல டேவிட் ஹிடால்கோ 1989-ல் பிபுலாவைத் தாடைக்குக் கொண்டு வந்தார்.

சரி, எது தேவலை? இடுப்பெலும்புக்கு இயல்பாவே வளைவும் உயரமும் உண்டு, பல் பதிக்க வசதி. ஆனா நடக்கறப்ப வலி, குடலிறக்க பயம். தோள்பட்டை எலும்போட தோலும் தசையும் தாராளமா கிடைக்கும். ஆனா எலும்பு நீளம் குறைவு, நோயாளியைத் திருப்பிப் போடணும். பிபுலா சுமார் 25 செ.மீ. வரை கிடைக்கும், துண்டு போட்டு தாடை மாதிரி வளைக்கலாம். ஒரு குழு வாயிலயும் இன்னொரு குழு காலுலயும் ஒரே நேரத்துல வேலை பார்க்கலாம். உடம்பு பாரத்தைத் தாங்கறது பெரும்பாலும் பக்கத்துத் தடி எலும்புதான். முட்டிக்கிட்டயும் கணுக்கால்கிட்டயும் கொஞ்சம் விட்டுத்தான் எடுப்பாங்க. குறை, உயரம் கம்மி. கால் ரத்தக்குழாய் அடைப்பு இருக்கான்னு முதல்ல பார்த்தாகணும்.

இதை நான் வாசிச்சுக் காட்ட, பெரியப்பா பெரியம்மாகிட்ட எழுதிக் காட்டினார்: "காய்ஞ்ச பொம்மைக்கு கை ஒட்டுமா? பச்சையா இருந்தாத்தான் ஒட்டும்."

இப்போ சூளைக்கு நடந்துதான் போறார். பேச்சு கொஞ்சம் குழறும். புகையிலை டப்பாவுல இப்போ தூரிகை இருக்கு.