பிடிசிராவியும் பாண்டிநாட்டுக் கொல்லுலையும்

கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் அரசர்தம் வெற்றியையும் கொடையையும் விரித்துரைப்பன. உழுவார்க்குக் கொழுவும், வண்டிக்குப் பட்டையும், கதவுக்குத் தாழும் செய்தளித்த கொல்லர்தம் தொழில் நுட்பத்தை அவற்றுள் விரிவாகக் காண்டல் அரிது. அதனை அறிய விழைவார்க்கு எஞ்சி நிற்கும் சான்றுகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று சொல், மற்றொன்று கருவி. சொல்லை இலக்கியங்களும் அகராதிகளும் காத்து வருகின்றன. கருவியைக் காப்பாரோ மிகச் சிலர்.

பழைய உலைக்களங்களில் நெட்டையான ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்ற இரும்புப் பிடிசிராவி, இன்று பலவிடத்தும் துருவேறிக் கழிவிரும்பாக எடைக்கு விற்கப்படுகின்றது. பட்டறையாளர் 'வைஸ்' என்றே வழங்கும் இக்கருவி எங்கிருந்து வந்தது, தமிழகக் கொல்லரின் தொழில்முறையில் என்ன மாறுதலை விளைத்தது, பழுதுற்ற ஒன்றைச் செப்பனிட்டு மீண்டும் தொழிலுக்குக் கொணர்வதால் வரலாற்றறிவுக்கு உண்டாகும் பயன் யாது என்பவற்றை, மதுரையை அடுத்த விளாங்குடிப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இடமும் வழியும்

விளாங்குடி, வையையின் வடகரைப் பக்கத்தில், மதுரையினின்று திண்டுக்கல் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர். மா என்னும் மரப்பெயர் குடி என்பதனொடு புணர்ந்து மாங்குடி ஆனாற்போல, விளா என்பதும் மெல்லெழுத்துப் பெற்று விளாங்குடி ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. வயலும் கண்மாயும் சூழ்ந்த வையைச் சமவெளி ஒருபுறம், வளர்ந்து வரும் பெருநகர் மற்றொருபுறம் என இரண்டிற்கும் இடைப்பட்டு நிற்பது இவ்வூரின் இயல்பு.

இவ்வூர்ப் பக்கமாகச் செல்லும் வழிகள் இரண்டும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. திண்டுக்கல் சாலை ஒன்று. திண்டுக்கல் நகரம் கையால் செய்யப்படும் பூட்டுக்களுக்குப் பெயர்பெற்றது. அப்பூட்டு 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. பூட்டுத் தொழிலில் அரத்தின் வேலை பெரும்பங்கு உடையது. அரம் ஓடும் இடத்தில் பொருளை அசையாது பற்றி நிறுத்தும் கருவி வேண்டும். மற்றொரு வழி இருப்புப்பாதை. 1874இல் அமைந்த தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தின் காலத்தில், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு 1875இலும், மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இலும் பாதை திறக்கப்பெற்றது. மேலைநாட்டுப் பட்டறைக் கருவிகள் இச்சமவெளியில் பரவுதற்கு இப்பாதை ஒரு பெருவாயிலாக இருந்தது.

2. கொடிறு: பற்றுதலின் பழைய முறை

தமிழகத்தில் இரும்புத் தொழிலின் தொன்மை இன்று ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. 1899 முதல் ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ நிகழ்த்திய அகழ்வில் இரும்புப் பொருள்கள் மிகுதியாகக் கிடைத்தன. நொய்யற்கரைக் கொடுமணலில் உருக்கு உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. எனவே, இரும்பைக் காய்ச்சவும் அடிக்கவும் தமிழர் பிறரிடம் கற்க வேண்டிய நிலையில் இல்லை. காய்ச்சிய இரும்பை அவர் எவ்வாறு பற்றினர் என்பதே ஈண்டு எழும் வினா.

இதற்கு இலக்கியம் தெளிந்த விடை தருகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நண்டின் கவைத்த காலுக்குக் கொல்லனது கொடிறு உவமையாக வருகின்றது. கொடிறு என்பது பற்றுக்குறடு. இரண்டு கைகள், நடுவே ஓர் ஆணி, முன்னே பற்றும் இரு வாய்கள் என்னும் அதன் அமைப்பு நண்டின் காலைக் கண்டார்க்கு உடனே விளங்கும். இவ்வுவமை ஒன்றே, குறட்டின் வடிவம் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை என்பதைக் காட்டும்.

ஆயின், குறட்டிற்கு ஓர் எல்லை உண்டு. அதன் பிடி கொல்லனது கையின் பிடியே. கை தளர்ந்தால் குறடும் தளரும். ஒரு கை குறட்டைப் பற்றியிருக்க, வேலைக்கு மற்றொரு கையே எஞ்சும். சம்மட்டி அடிக்கத் துணையாள் இருப்பான். ஆனால் அராவுதற்கு இரு கைகளும் வேண்டும். ஆதலின், நிலத்தில் அமர்ந்து தொழில் செய்த நம் கொல்லர் பொருளைக் காலால் மிதித்தும், கட்டையில் ஆப்பறைந்து இறுக்கியும் அராவினர். இம்முறையில் அவர் செய்த அரிய வேலைகள் பல. எனினும் ஒன்றோடொன்று மயிரிழையும் பிசகாது பொருந்த வேண்டிய பொறியுறுப்புக்களைப் பெருந்தொகையாகச் செய்தற்கு அது போதாதாயிற்று.

3. திருகின் வரவு

குறட்டின் எல்லையைக் கடக்க உதவியது திருகு. பருத்தியினின்று கொட்டையைப் பிரிக்கும் மணைப்பொறியில் மரத்தாலாகிய திருகுப்பல் அமைப்பு இந்தியாவில் வழங்கியதுண்டு. ஆயினும் இரும்பாற் செய்த திருகைக் கொண்டு பொருளை இறுக்கிப் பற்றும் வழக்கம் ஐரோப்பியரது தொடர்பால் இங்குப் பரவியதென்பதே பொருந்துவதாகும்.

ஐரோப்பாவில் இக்கருவி எவ்வாறு செய்யப்பட்டது என்பதற்கு நல்ல சான்று உளது. இலண்டனில் ஜோசப் மாக்சன் என்பார் 1678ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட கைத்தொழில் நூலில், கொல்லரது பிடிசிராவியும் அதன் திருகும் விளக்கப்பட்டுள்ளன. திருகின் புரியை அரத்தால் வெட்டுவது எளிது. அது புறத்தே உள்ளது. அத்திருகு நுழையும் சுரையின் உட்புறத்தில் புரி அமைத்தலே அரிது. இரும்புக் கம்பியைத் திருகின் புரியிடையே சுற்றி எடுத்து, அச்சுருளைக் குழாயினுள் செலுத்தி, பித்தளையை உருக்கிப் பற்றவைத்தலே அக்காலத்து முறை. 1800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்சுலே திருகு வெட்டும் கடைசற்பொறியைச் செம்மைப்படுத்தினார். 1860களில் டட்லி நகரத்துப் பீட்டர் ரைட் நிறுவனத்தார், பற்றவைத்த சுருளின்றித் திண்ணிய ஒரே இரும்பில் புரி வெட்டிய சுரையோடு கூடிய பிடிசிராவிகளைச் செய்து, தம் பெயரையும் அவற்றின்மேற் பொறித்து விற்றனர்.

இச்செய்தி வெறும் தொழில்நுட்பச் செய்தி மட்டுமன்று. காலத்தைக் கணிப்பதற்குரிய குறிப்புமாகும். ஒரு பழைய பிடிசிராவியின் சுரையை நோக்கின், அதன் உட்புரி பித்தளையாற் பற்றவைக்கப்பட்டதா, திண்ணிரும்பில் வெட்டப்பட்டதா என்பது புலனாகும். முன்னது பழைய முறை. பின்னது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு உரியது. பழைய முறை சில பட்டறைகளில் நெடுநாள் நீடித்திருக்கலாமாதலின், இவ்வொரு குறிப்பைக் கொண்டே காலத்தை முடிவு செய்தல் கூடாது.

சொல்லும் இவ்வரலாற்றையே உணர்த்தும். கொடிறு, குறடு, இடுக்கி என்பன பழஞ்சொற்கள். பிடிசிராவி என்பதிலுள்ள பிடி, கருவியின் செயலைச் சுட்டுகின்றது. 'வைஸ்' என்பதோ கருவியோடு உடன்வந்த சொல். கருவியின் பெயர் அயற்சொல்லாக நிலைபெற்றதாயினும், அதன் உறுப்புக்களைத் தமிழகத் தொழிலாளர் கால், வாய், மரை, சுரை, வில் என்று தம் சொற்களாலேயே குறிக்க இயன்றது. வந்த பொருளைத் தமதாக்கிக்கொண்டமைக்கு இஃது ஓர் அடையாளம்.

4. நெடுங்காலின் அமைப்பு

நெடுங்காற் பிடிசிராவியின் உறுப்புக்கள் சிலவே. அசையாத வாயோடு கூடிய நெட்டைக் கால் ஒன்று, அதன் அடிப்பகுதியில் ஆணியால் இணைந்து முன்னும் பின்னும் அசையும் குட்டைக் கால் ஒன்று, இரண்டையும் ஊடுருவும் திருகு, பின்புறம் சுரை, திருகைத் தளர்த்தும்போது வாயைத் திறக்கச் செய்யும் வில், கருவியைத் தூணோடு பிணைக்கும் பட்டை ஆகியன.

ஓர் அங்குலத்திற்கு 4 புரிகள் உள்ள திருகை, நடுவிலிருந்து 12 அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுற்றுவதாகக் கொள்வோம். கை ஒரு சுற்றில் ஏறத்தாழ 75 அங்குலம் செல்ல, திருகு கால் அங்குலமே நகரும். கணக்களவில் இது 300 மடங்கு. உராய்வினால் பெரும்பகுதி கழியும். திருகு வாய்க்குக் கீழே அமைந்திருத்தலின் வாய்முனையில் இன்னும் சிறிது குறையும். எஞ்சுவதும் மனிதக் கையின் பிடியினும் பன்மடங்கு வலிதே.

கால் நிலத்தில் ஊன்றியிருத்தல் இதன் தனிச்சிறப்பு. வாயிற் பற்றிய காய்ந்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்க, அவ்வடியின் விசை கால்வழியே நிலத்திற் சென்று சேரும். மேசைமேற் பொருத்தும் வார்ப்பிரும்பு வைஸ், அராவுதற்கு நன்று. பேரடி பொறாது வெடிக்கும். அடித்துச் செய்த இரும்பாலாகிய நெடுங்காற் கருவி அடியைத் தாங்கும். இக்கருவி உலைக்களத்தில் நுழைந்தபின், நிலத்தில் அமர்ந்து வேலை செய்த கொல்லன் அராவும் வேலைக்கு எழுந்து நிற்கலானான். இரு கைகளும் விடுதலை பெற்றன. கருவி தொழிலை மட்டுமன்றித் தொழிலாளியின் உடல்நிலையையும் மாற்றிற்று.

5. செப்பனிடும் முறை

பழைய பிடிசிராவியைச் செப்பனிடப் புகுவார் முதற்கண் செய்யத்தக்கது, ஒன்றும் செய்யாது நோக்குதலே. பொறிப்பு, எடைக்குறி, முன்னர்ச் செய்த ஒட்டு, உளிபட்ட வடு ஆகியவை அக்கருவியின் கல்வெட்டு எனத் தகும். சாணைச் சக்கரத்தைக் கொண்டு பளபளக்கத் தேய்ப்பார் அக்கல்வெட்டை அழிப்பவராவர். படியெடுத்த பின்னரே துருவை நீக்குதல் வேண்டும்.

இறுகிய திருகைத் தண்டு நீட்டி முறுக்கலாகாது. மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் விட்டுச் சில நாள் ஊறவைத்து, மென்மையாகத் தட்டிச் சிறிது சிறிதாக அசைத்தல் நன்று. சுரையை மிகக் காய்ச்சினால் பித்தளைப் பற்று உருகி உட்புரி நெகிழும். வாய்களின் முகத்தில் உருக்குத் தகடு இணைக்கப்பட்டிருக்கும்; அதனை உலையிலிட்டால் கடினம் போய்விடும். துருவைப் போக்கக் கம்பித் தூரிகை பெரும்பாலும் போதும். சலவைச் சோடாக் கரைசலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் முறையும் இன்று வழங்குகின்றது. காடியில் ஊறவைத்தல் வில்லுக்கு ஆகாது. வில் நொறுங்கும் தன்மை எய்தும்.

உட்புரி தேய்ந்தொழிந்த சுரையே பெரும்பாலும் கருவியைக் கழிவிரும்புக் கடைக்கு அனுப்புவது. ஆயின் இதற்கு மருந்து உளது. சதுரக் கம்பியைத் திருகில் சுற்றிக் குழாயினுள் வைத்து, வெண்காரம் தூவிப் பித்தளையால் பற்றவைத்தால் சுரை புத்துயிர் பெறும். மாக்சன் காலத்து முறையே இது. வெண்காரமும் பொடியும் இட்டு ஊதிப் பற்றவைத்தல் தமிழகக் கம்மியர்க்குப் புதிதன்று. 'பொடிவைத்துப் பேசுதல்' என்னும் வழக்கே இத்தொழிலின்று பிறந்ததென்பர். எனவே, அயல்நாட்டுக் கருவியின் நோயைத் தீர்க்கும் மருந்து உள்ளூர்க் கம்மியர் கையிலேயே இருத்தல் காண்க.

நிறைவாக, கருவியை நிறுத்துதல். தடித்த கருவேலத் தூண் ஒன்றை நிலத்தில் ஆழப் புதைத்து, நெட்டைக் காலின் நுனியைக் கல்லின் குழியிலோ மரக்கட்டையின் குழியிலோ அமர்த்தி, பட்டையைத் தூணோடு இறுக்குதல் வேண்டும். வாயின் உயரம் நிற்பவனது முழங்கைக்கு ஒத்திருத்தல் முறை. வண்டியச்சுக்கு மையிட்ட ஊரில், திருகுக்கும் வாசருக்கும் மசகிட மறத்தலாகாது.

6. முடிவுரை

அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றுதலே சாலாதோ என வினவுவார் உளர். மண்ணினின்று எடுத்த வாளுக்கு அது சாலும். வாளின் தொழில் முடிந்தது. பிடிசிராவியின் தொழில் முடியவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் 'பிட்டர்' பிரிவு மாணவன் முதலிற் கற்பது, வைஸில் இரும்பைப் பற்றி அரம் பிடிக்கும் வேலையே. கண்ணாடிப் பேழையுள் வைத்த கருவி அதன் வடிவத்தை மட்டுமே காக்கும். வேலை செய்யும் கருவியோ, சுரை பற்றவைத்தலும், வில் வளைத்தலும், வாய் பொருத்தலும் ஆகிய கையறிவையும் காக்கும். அக்கையறிவு ஏட்டில் இல்லை. ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கே செல்வது.

நகரோடு இணைந்துவிட்ட விளாங்குடி போன்ற ஊர்களில் உலைகள் அவிந்து வருங்காலம் இது. ஓர் உலை அவியும்போது முதலில் எடைக்குப் போவது மிகுந்த எடையுடைய கருவியே. ஆதலின் இதனைக் காத்தல் காலந்தாழ்த்தற்கு உரியதன்று. நண்டின் காலைக் கொடிற்றோடு ஒப்பிட்டுக் காட்டிய புலவர் உலைக்களத்தைக் கண்ணாற் கண்டவராதல் வேண்டும். தமிழாராய்ச்சியாளரும் ஏட்டோடு அமையாது உலைக்களம் புகுந்து, ஆங்கு வழங்கும் சொற்களையும் கருவிகளையும் அவை மறைவதற்குமுன் தொகுத்தல் கடமையாகும். துருப்பிடித்த ஒரு திருகு மீண்டும் சுழலத் தொடங்கும்போது, அதனோடு நின்றுபோன ஒரு வரலாறும் தொடர்கின்றது எனலாம்.