பிடரியில் வீசும் காற்று

தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைப் பகுத்தறிந்தவர் நம் முன்னோர். ஆயினும், முன்னோக்கி விரையும் ஊர்தியில் அமர்ந்திருப்பவனின் பிடரியில், பின்னிருந்து வந்து அறையும் காற்றுக்கு அவர்கள் பெயரிட்டாரில்லை. அத்தகைய ஊர்தி அவர்கட்கு வாய்க்கவில்லை.

அக்காற்றை நான் முதலில் அறிந்தது தோட்டத்து லாரியில். திறந்த லாரியின் பின்புறத்தில் நின்றுகொண்டே நாங்கள் பள்ளிக்குச் சென்ற காலம் அது. ஓட்டுநர் அறையை ஒட்டி நின்றால் காற்றுப் படாது என்று அவ்விடத்திற்கு முண்டியடிப்போம். முகத்தில் காற்றுப் படாதுதான். ஆனால், செம்மண் புழுதி பின்னாலிருந்து சுழன்று வந்து பிடரியிலும் காதிலும் படியும். லாரி முன்னே போகையில் புழுதி ஏன் நம்மைத் துரத்துகிறது என்று வகுப்பில் கேட்டேன். "பேசாமல் உட்கார்" என்பதே கிடைத்த விடை. உண்மையான விடை, கூரை மடக்கும் மகிழுந்தின் வரலாற்றில் இருந்தது.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர ஊர்திக்குக் கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. 1888-இல் அவர்தம் துணைவியார் பெர்த்தா, மைந்தர் இருவரை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் அத்தகைய ஊர்தியிலேயே சென்றார். வேகம் குறைவாதலால் காற்று பெரும்பகையாகத் தோன்றவில்லை. பதினோராண்டுகளில் நிலைமை மாறிற்று. 1899-இல் பெல்ஜிய நாட்டவரான கமீல் ஜெனட்சி, பாரிசுக்கு அருகே மின்னாற்றலால் ஓடும் ஊர்தியில் மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்தார். அவ்வூர்தியின் உடல் காற்றைக் கிழித்துச் செல்லுமாறு நீர்மூழ்கிக் குண்டின் வடிவில் அமைந்திருந்தது. ஓட்டியவரோ அதன்மேல் மார்பளவு வெளியே தெரிய நிமிர்ந்து அமர்ந்திருந்தார்! இரும்புக்குக் காட்டிய பரிவை மனிதனுக்குக் காட்ட மறந்தனர் போலும்.

தோலாடை, காப்புக் கண்ணாடி, பெண்டிர்க்கு முகத்திரை ஆகியவற்றைக் கொண்டே பயணிகள் நெடுநாள் காலம் தள்ளினர். 1908-இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட மாடல் டி மகிழுந்திலும் முன்கண்ணாடிக்குத் தொடக்கத்தில் தனியே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் முகத்தைக் கிழித்துவிடும் என்ற அச்சமும் இருந்தது. பிரெஞ்சு வேதியியலறிஞர் எதுவார் பெனெதிக்துஸ் உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடிக்கு 1909-இல் காப்புரிமை பெற்றார்.

முன்கண்ணாடி முகத்தைக் காத்தது. பிடரிக் காற்றை வலுப்படுத்தியதும் அதுவே. எதிர்வரும் காற்று கண்ணாடியில் மோதி மேலெழுந்து, அமர்ந்திருப்போர் தலைக்கு மேலாகப் பாய்கிறது. அப்போது கண்ணாடிக்குப் பின்னே அழுத்தம் குறைகிறது. அவ்விடத்தை நிரப்பப் பின்புறத்துக் காற்று முன்னோக்கிச் சுழன்று வருகிறது. தோட்டத்துப் புழுதி எங்களைத் துரத்தியதும் இதனாலேதான்.

இதனைத் தடுக்கும் வழியை அக்காலத்தார் நாடவில்லை. 1920, 1930-ஆம் ஆண்டுகளில் செல்வர் வைத்திருந்த பெரிய திறந்த மகிழுந்துகள் சிலவற்றில், பின்னிருக்கையினர்க்கென இரண்டாவது கண்ணாடி ஒன்று பொருத்தப்பட்டது. அதுவும் முன்காற்றையே கருதியது. கழுத்தைக் காக்கத் துணியே துணையாயிற்று. அத்துணியும் தீங்கற்றதன்று. 1927-இல் நடனமணி இசடோரா டங்கன், பிரான்சின் நீஸ் நகரில் திறந்த மகிழுந்தில் சென்றபோது அவரது நீண்ட கழுத்துத்துணி சக்கரத்தில் சிக்கி உயிரிழந்தார்.

பின்னர் மூடிய மகிழுந்துகளே பெருகின. 1976-இல் கெடிலாக் நிறுவனம் தன் எல்டொராடோவை அமெரிக்காவின் இறுதித் திறந்த மகிழுந்தென்றே விளம்பரப்படுத்தியது. ஆறாண்டுகளில் கிரைஸ்லர் அதனைப் பொய்யாக்கியது வேறு கதை.

திருப்பம் 1989-இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஜெனிவாக் கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் காட்டிய புதிய எஸ்.எல். மகிழுந்தில், கவிழ நேர்ந்தால் 0.3 நொடியில் எழுந்து நின்று தலையைக் காக்கும் வளைகம்பி இருந்தது. அக்கம்பியில் இருக்கைகளுக்குப் பின்னே சட்டமிட்ட வலையொன்றை மாட்டினர். அவ்வளவே. காற்றை வலையால் பிடிக்க முடியாது என்பது உலக வழக்கு. பொறியாளர் அதனைப் பொருட்படுத்தவில்லை. முழுப்பலகை காற்றை விளிம்பின் வழியே திருப்பிவிடும். வலையோ சிறிது காற்றை உள்ளே விட்டு, அதன் விசையைக் குறைத்து, சுழலைச் சிதைத்துவிடுகிறது. பின்னால் வரும் ஊர்திகளையும் அதனூடே காணலாம்.

ஆயினும், நால்வர் அமரும் மகிழுந்தில் இவ்வலை பின்னிருக்கைகளின்மேல் விரிக்கப்படுவதால், முன்னிருவரின் சுகத்திற்காகப் பின்னிருவர் இடமிழக்கின்றனர். இக்கண்டுபிடிப்பில் என் மனத்திற்கு ஒவ்வாதது இஃதொன்றே. 2010-இல் அதே நிறுவனம் நால்வருக்கான இ-வகுப்பு மகிழுந்தில், முன்கண்ணாடியின் உச்சியில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் எழும் சிறகொன்றையும், பின்தலைத்தாங்கிகளுக்கிடையே சிறு வலையொன்றையும் அமைத்தது. தோற்றத்தைக் குறை கூறுவோர் கூறட்டும். பின்னிருப்போரை நினைத்துப் பார்த்த அமைப்பு அது.

அண்மையில் நண்பர் ஒருவர் நால்வர் அமரும் பழைய திறந்த மகிழுந்தொன்றை வாங்கி, வலை பொருத்த என்னையும் அழைத்தார். எந்த மகிழுந்துக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்ற மலிவான வலை, சட்டம் அளவொவ்வாமல் கடகடவென்று ஆடியது. அவ்வகைக்கென்றே செய்யப்பட்டதை மீண்டும் வாங்கினோம். வெளிர்நிறம் வெயிலில் பளிச்சிட்டுப் பின்காட்சியை மறைக்குமாதலால் கருநிறத்தையே தேர்ந்தோம். மேல்விளிம்பு தலைத்தாங்கியின் உயரத்தை ஒட்டி நிற்குமாறு இருபுறக் கொக்கிகளையும் இறுக்கினோம்.

வலை மாட்டுவதற்குமுன் தலைத்தாங்கியில் கட்டிய நாடா, ஓடும்போது முன்கண்ணாடியை நோக்கிப் பறந்தது. மாட்டியபின் துவண்டு தொங்கியது. நண்பர் குழந்தைபோல் கைகொட்டினார். முதல் ஓட்டத்தில் பின்னிருக்கையில் எங்களோடு வந்த அவருடைய பேரன், இரண்டாம் ஓட்டத்தின்போது வாசலில் நின்று கையசைத்தான்.